கோடு போடாத கட்டம்

நெமிலிச்சேரி,
3.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தாட்சாயிணி எழுதுவது. இங்கே நானும் இவரும் உன் மகள் மோகனப்பிரியாவும் சுகமாக இருக்கிறோம். மலையில் குளிர் ஆரம்பித்திருக்கும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போன மாதம் அனுப்பிய தைலத்தைத் தடவுகிறாயா, இல்லை அதையும் ஸ்டோரில் பதிவு செய்து பூட்டி வைத்துவிட்டாயா?

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். உனக்கு அங்கே சிக்னல் கிடைப்பதே ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம். அதிலும் எதைச் சொன்னாலும் எழுத்தில் கொடு என்கிறாய். அதனால் எழுத்தில் கொடுக்கிறேன்.

பிரியா இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு. அவள் படிக்கிற பள்ளி ஐந்தோடு சரி. பூந்தமல்லி தாண்டி, செம்பரம்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம் ஓர் அறக்கட்டளைப் பள்ளி இருக்கிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை, விடுதியோடு. நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர வேண்டும். தேர்வு மார்ச் 2. பெயரைப் பதிவு செய்யக் கடைசி நாள் ஜனவரி 31. கம்ப்யூட்டரில் போடுகிற வேலை கிடையாது. பள்ளியில் தருகிற பாரத்தை நிரப்பி, கையெழுத்தோடு நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

பாரத்தை நிரப்பி, போட்டோ ஒட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கையெழுத்து வரவேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். அங்கே மட்டும் போட்டால் போதும். காலியாக இருக்கிற மற்ற இடங்களை அப்படியே விட்டுவிடு, இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்.

கம்பளி இல்லாமல் வெளியே போகாதே.

உன் தங்கை,
தாட்சாயிணி


சுரங்கப்பாதை வேலைத்தளம்,
உத்தராகண்ட்,
16.11.2024

அன்புள்ள தங்கை தாட்சாயிணிக்கு,

வீரராகவன் எழுதுவது. நான் நலம். முழங்கால் வலி காலையில் இருக்கிறது, மதியம் போய்விடுகிறது. தைலம் பாதி தீர்ந்தது. நீங்கள் மூவரும் சுகம் என்று எழுதியதைப் படித்தேன். நம்புகிறேன்.

உன் கடிதம் 12-ஆம் தேதி வந்தது. உறையின் வாயில் இரண்டு முறை பசை தடவியிருக்கிறது. ஒட்டினதைப் பிரித்து மறுபடி ஒட்டியது யார்?

காலி இடங்களை அப்படியே விடு என்று எழுதியிருக்கிறாய். யாரிடம் எழுதுகிறாய் என்று தெரிந்துதான் எழுதினாயா? இருபத்தாறு வருஷமாக நான் ஸ்டோர் கீப்பர். சீட்டில் ஒரு வரி காலியாக இருந்தாலும் குறுக்கே கோடு போட்டு, அதன்மேல் சுருக்கொப்பம் வைத்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்தபோது ஒரே ஒரு சீட்டில் ஒரே ஒரு வரியைக் காலியாக விட்டேன். அந்த வரியில் எவனோ ஒருவன் நாற்பது பேரிங் எழுதி வெளியே கொண்டுபோய்விட்டான். மூன்று மாதம் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அது உனக்கும் தெரியும்.

ஆகவே கையெழுத்துக்கு முன்னால் சில கேள்விகள். ஒன்று, காலியாக இருப்பவை எந்தெந்தக் கட்டங்கள், அவற்றை யார் நிரப்பப் போகிறார்கள்? இரண்டு, பாரத்தை நிரப்பியது யார்? உன் கையெழுத்து சாய்ந்து விழும், இது நிமிர்ந்து நிற்கிறது. மூன்று, போட்டோவில் குழந்தை காதில் இருக்கும் தோடு நான் வாங்கித் தந்தது இல்லை. எங்கிருந்து வந்தது? நான்கு, பக்கத்திலேயே பட்டாபிராமில் பள்ளிகள் இருக்கும்போது ஏரிக்கு அந்தப் பக்கம் சேர்ப்பது யாருடைய யோசனை?

வரிசையாகப் பதில் எழுது. இந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. மாப்பிள்ளை சுப்பராயனுக்கு என் வணக்கம். குழந்தையைக் குளிர்ந்த தண்ணீரில் குளிக்க விடாதே.

அன்புடன்,
வீரராகவன்


நெமிலிச்சேரி,
27.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நன்றாக இருக்கிறோம். எனக்கு மட்டும் இரண்டு நாள் சளி, இப்போது தேவலை. இங்கே நான்கு நாளாக மழை. பிரியாவுக்குப் பள்ளி விடுமுறை விட்டார்கள். நீ சாப்பாட்டில் மோர் சேர்க்காதே, அந்தக் குளிருக்கு ஆகாது.

உன் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, "இன்னா தாட்சா, மச்சான் நமக்கு லெட்டர் எய்துறாரா, மெமோ குடுக்கறாரா?" என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். சரி, மெமோவுக்குப் பதில்.

உறையில் ஒரு தடவை பசை சரியாகப் பிடிக்கவில்லை. காலிக் கட்டங்கள் எல்லாம் ரத்தப் பிரிவு, மச்ச அடையாளம் மாதிரி சில்லறை விஷயங்கள், சான்றிதழைப் பார்த்து எழுத வேண்டியவை. பாரத்தை நிரப்பியது பக்கத்து வீட்டு ஜெபா டீச்சர். தோடு கவரிங். திருவிழாவில் வாங்கியது.

பிரியா விடியற்காலையில் எழுந்து கணக்குப் போடுகிறாள். பின்னம் என்றால் எனக்குத் தலை சுற்றும், அவளுக்குப் பாயசம். போன வாரம் இவர் ஓட்டுகிற கம்பெனி பஸ்ஸில் எத்தனை சீட்டு, எத்தனை பேர் நின்றால் எத்தனை சதவீதம் என்று கேட்டு அவரைத் திணற வைத்தாள். இந்தப் பிள்ளைக்கு இந்தப் பள்ளி கிடைத்தால் அவள் வாழ்க்கை நேராகிவிடும் அண்ணா. தயவுசெய்து தாமதம் செய்யாதே. இங்கிருந்து ஒரு கடிதம் உன்னிடம் வந்து பதில் திரும்புவதற்குள் மூன்று வாரம் போய்விடுகிறது.

உடம்பைக் கவனித்துக்கொள்.

தாட்சாயிணி


உத்தராகண்ட்,
8.12.2024

அன்புள்ள தாட்சாயிணிக்கு,

நலம். உன் சளி குறைந்ததா? மிளகு ரசம் வை. இங்கே மெஸ்ஸில் சமைக்கும் முனியன் வந்தவாசிக்காரன். அவன் புண்ணியத்தில் ரசம் கிடைக்கிறது.

நான்கு கேள்வி கேட்டேன். மூன்றுக்குத்தான் பதில் வந்திருக்கிறது. நான்காவது எங்கே? மறந்துவிட்டாய் என்று நினைக்க ஆசைதான். ஆனால் உன் கடிதத்தில் மழை இருக்கிறது, பஸ் இருக்கிறது, பாயசம்கூட இருக்கிறது. அது மட்டும் இல்லை.

நானாக இரண்டு விதமாக யோசித்தேன். பிள்ளை இல்லாத வீடு உங்களுடையது. காலிக் கட்டத்தில் காப்பாளர் என்று மாப்பிள்ளை பெயரை எழுதிக்கொண்டால், நாளைக்கு என் மகள் காகிதத்தில் உங்கள் மகள் ஆகிவிடுவாள். இது ஒன்று. மூன்று வருஷமாக வளர்த்தது போதும், விடுதியில் தள்ளிவிடலாம் என்று நீங்கள் அலுத்துப்போயிருக்கலாம். இது இன்னொன்று. இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது என்பது எனக்கும் தெரிகிறது. ஆனால் இரண்டும் மனதில் வருகிறது. மூன்றாவதாக ஒன்று இருக்குமோ என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இருந்தாலும் குழந்தையின் படிப்புக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்கு முன் காலியாக இருந்த எல்லாக் கட்டங்களிலும் ஸ்கேல் வைத்துக் குறுக்குக் கோடு போட்டு, ஒவ்வொன்றின்மேலும் சுருக்கொப்பம் வைத்திருக்கிறேன். மொத்தம் ஆறு கட்டம். இனி அந்தப் பாரத்தில் யாரும் ஓர் எழுத்தைக்கூடச் சேர்க்க முடியாது. ரத்தப் பிரிவு தனித்தாளில் எழுதி இணைத்துக்கொள்.

நகல் இருக்கிறது. குழந்தைக்கு என் முத்தம்.

வீரராகவன்


நெமிலிச்சேரி,
19.12.2024

அண்ணனுக்கு,

சுகம். உன் சுகம் தெரியவேண்டும்.

அந்தப் பாரத்தை எடுத்துக்கொண்டு மூன்று பஸ் மாறிப் பள்ளிக்குப் போனேன். அலுவலகத்தில் சம்பந்தம் என்று ஒரு கிளார்க். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "இன்னாம்மா இது, அம்மா கையெழுத்துப் போடற கட்டத்துல கோடு இஸ்து வச்சிக்கீது? இத்த வாங்க முடியாது. வேற பாரம் வாங்கினு போய் அப்பா அம்மா ரெண்டு பேராண்டயும் புச்சா கையெழுத்து வாங்கினு வா" என்றார். தாய் இல்லாவிட்டால் இறப்புச் சான்று, பிரிந்திருந்தால் கோர்ட்டு உத்தரவு. இரண்டில் ஒன்று இல்லாமல் ஒருவர் கையெழுத்து செல்லாதாம். உன்னிடம் இரண்டும் கிடையாது.

பிரியா என்னோடுதான் வந்திருந்தாள். அந்தக் கோட்டை அவள் பார்த்தாள். எனக்கு உன்மேல் வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் போதாது.

புதுப் பாரம் நிரப்பி, போட்டோ ஒட்டி வைத்திருக்கிறேன். பென்சில் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடு. வேறு எங்கேயும் பேனாவை வைக்காதே. கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

தாட்சாயிணி


உத்தராகண்ட்,
29.12.2024

தாட்சாயிணிக்கு,

நலம். இங்கே பனி விழுகிறது.

கோபப்பட வேண்டியவன் நான். தாய் கையொப்பம் என்ற கட்டத்தை ஏன் காலியாக விடச் சொன்னாய்? அதில் யார் கையெழுத்துப் போடுவதாக இருந்தது? ரத்தப் பிரிவு, மச்சம் என்று எழுதினாயே, அந்தக் கட்டத்தைப் பற்றி அன்றைக்கு ஏன் எழுதவில்லை?

இரண்டு பாரத்தையும் நிரப்பியிருப்பது ஒரே கை. பிறந்த தேதியில் ஒரு ஏழு, வீட்டு எண்ணில் ஒரு ஏழு. இரண்டுக்கும் இடுப்பில் குறுக்குக் கோடு. ஜெபா டீச்சர் என்று எழுதியிருந்தாய். பழைய வீட்டில் கதவுக்குப் பின்னால் தொங்கிய நோட்டு என் பெட்டியில் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். 7.10. 7.25. 5.47. ஒவ்வொரு ஏழுக்கும் அதே கோடு.

நேராகக் கேட்கிறேன். உன் அண்ணி ராதிகா அங்கே வந்து போகிறாளா? எத்தனை நாளாக? குழந்தையைத் தனியாக எங்கேயாவது அழைத்துப் போனாளா? அந்தப் பள்ளி அவள் இருக்கிற இடத்துக்குப் பக்கமா? என்னை நாடு கடத்தியதுபோல் ஒரு மலையில் உட்கார வைத்துவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் சேர்ந்து என் மகளைக் கை மாற்றுகிறீர்களா?

இதற்குப் பதில் வந்த பிறகுதான் கையெழுத்து. பாரம் என்னிடமே இருக்கும். நகல் இருக்கிறது.

வீரராகவன்


நெமிலிச்சேரி,
8.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பனியில் நடக்காதே, கால் வழுக்கும். இங்கே உடம்புக்கு எல்லோருக்கும் ஒரு குறையும் இல்லை. மனசுக்குத்தான் சரியில்லை.

நீ சந்தேகப்பட்டது எல்லாமே சரி. உறையைப் பிரித்து ஒட்டியது நான். பாரத்தை நிரப்பியது அண்ணி. தோடு அண்ணி வாங்கித் தந்தது. ஜூன் மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் அண்ணி வந்து போகிறாள். ஒன்றுகூட நீ தப்பாகக் கண்டுபிடிக்கவில்லை. நான் உன்னிடம் பொய் சொன்னேன். அதற்கு மன்னித்துவிடு.

அண்ணி ஐயப்பன்தாங்கலில் ஓர் அறை எடுத்திருக்கிறாள். பூந்தமல்லியில் ஒரு மருத்துவமனையில் பில் போடும் வேலை. ஞாயிறு காலையில் வருவாள், எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பிரியாவுக்குக் கணக்குச் சொல்லித் தருவாள், சாயங்காலம் போய்விடுவாள். தனியாக எங்கேயும் அழைத்துப் போனதில்லை. ஒரு தடவை நானே, இரண்டு நாள் உன் அறையில் வைத்துக்கொள்ளேன் என்று சொன்னேன். அண்ணி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவரு கையெழுத்து இல்லாம என் புள்ளைய ஒரு நாள்கூட என் ரூம்ல தங்க வைக்க மாட்டேன் தாட்சா. திருடினு போயிட்டாள்னு அவரு எழுதி வச்சிடுவாரு."

அந்த நோட்டு உன் பெட்டியில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதில் ஏழை மட்டும்தான் பார்த்தாயா? கட்டின பெண்டாட்டி பால் வாங்கப் போனாலும், ரேஷனுக்குப் போனாலும், போன நேரம், வந்த நேரம், காரணம் என்று மூன்று கட்டம் போட்டு, கம்பெனி கேட்டில் எழுதுவதுபோல் எழுத வைத்தாய். இரண்டு வருஷம் அவள் வாய் திறக்காமல் எழுதினாள். அவள் போன நாளில் நான் உன் வீட்டில் இருந்தேன். கடைசி வரியில் போன நேரம் மட்டும் எழுதியிருந்தாள். வந்த நேரம் எழுதுகிற கட்டத்தில் நீ அன்றைக்கே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாய். என் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் எந்தக் கட்டத்தில் வந்து எழுதுவாள்?

முதல் கடிதத்தின் உறையில் அண்ணி ஒரு துண்டுக் காகிதம் வைத்திருந்தாள். உனக்குக் கோபம் வந்துவிடுமோ என்று பயந்து நான்தான் பிரித்து எடுத்தேன். இப்போது இதில் வைத்திருக்கிறேன். பிரியாவும் ஒன்று எழுதியிருக்கிறாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்னும் இருபத்து மூன்று நாள்தான் இருக்கிறது.

தாட்சாயிணி


(துண்டுக் காகிதம்)

பாப்பாவுக்கு உங்கள் கையெழுத்து வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
ராதிகா


(கோடு போட்ட நோட்டுத் தாளில்)

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா? அங்கே பனியைக் கையில் எடுத்தால் எவ்வளவு நேரத்தில் கரையும் என்று பார்த்து எழுதுங்கள்.

நாலாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று அத்தையிடம் கேட்டீர்களாம். அது என் யோசனை. அம்மா முதலில் வேறு பள்ளிதான் சொன்னாங்க. நானும் அத்தையும் அம்மாவும் இந்தப் பள்ளியைப் பார்க்கப் போனபோது கேட்டில் ஒரு பெரிய நோட்டு வைத்திருந்தார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு அப்பா அம்மா வந்து பார்க்கலாம். யார் வந்தாலும் அதில் பேர், வந்த நேரம், போன நேரம் எழுத வேண்டும். அம்மா மட்டும் இல்லை, எல்லா அம்மாவும் எழுதினார்கள், எல்லா அப்பாவும் எழுதினார்கள். அப்படி என்றால் நீங்களும் அம்மாவும் வரும்போது ஒரே பக்கத்தில் எழுதுவீர்கள். யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். அதனால்தான் எனக்கு அந்தப் பள்ளி பிடித்தது. கணக்கு லேப்பும் நன்றாக இருக்கிறது.

நான் பாஸ் ஆகிவிடுவேன் அப்பா. பாரத்தை மட்டும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வீ. மோகனப்பிரியா


நெமிலிச்சேரி,
17.1.2025

அண்ணனுக்கு,

பொங்கல் முடிந்தது. சுகம்தான். உன்னிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. இரண்டு ஞாயிறும் போன் போகவில்லை.

தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் பிரியா புத்தகத்தை மூடிவிட்டு ஓடுகிறாள். நேற்று வந்தது மின்சார வாரியத்து நோட்டீஸ். அண்ணி இந்த ஞாயிறு வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். உன் பதில் வராமல் வந்தால், அது உனக்குத் தெரியாமல் வந்ததாகிவிடுமாம்.

இவர் உன்னை ஒரு குறையும் சொல்லாதவர். அவரே நேற்று, "உங்கண்ணன் நல்லவருதான். ஆனா நம்பறதுக்குக்கூட அவுருக்கு ஒரு சீட்டு வோணும்" என்றார்.

இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துகூடப் போயிருக்கும். ஆனாலும் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

தாட்சாயிணி


உத்தராகண்ட்,
19.1.2025

அன்புள்ள தங்கை தாட்சாயிணிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் கடிதமும் குழந்தையின் கடிதமும் 15-ஆம் தேதி கிடைத்தன. நான்கு நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். உள்ளங்கையில் ஒரு பிடி பனி கரைய ஆறு நிமிஷம் ஆகிறது என்று பிரியாவிடம் சொல். கடைசி ஒரு நிமிஷம் கை மரத்துவிடும்.

நோட்டை முதலிலிருந்து படித்தேன். இத்தனை வருஷத்தில் படித்ததே இல்லை, சரிபார்த்ததுதான் உண்டு. காரணம் என்ற கட்டத்தில் பால், ரேஷன், பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறாள். ஒரு நாள், "சும்மா காற்றாட" என்று எழுதியிருக்கிறாள். அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் நான் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்பது பேரிங் திருடியவனை நான் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. அவனுக்கு வைக்க வேண்டிய காவலை எல்லாம் என் வீட்டில் வைத்திருக்கிறேன்.

என் குழந்தை என்னிடம் கேட்டது இரண்டு பேர் எழுதுகிற ஒரு பக்கம். அவள் அம்மா கேட்டது ஒரு கையெழுத்து. அந்தத் துண்டுக் காகிதத்தை வைத்துக்கொள்கிறேன். அவளுக்குப் பதில் எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். அவள் ஞாயிற்றுக்கிழமை வந்து போவதற்கு யார் சீட்டும் வேண்டாம் என்று மட்டும் நீ சொல்லிவிடு. சந்தேகம் என்னைவிட்டு ஒரே நாளில் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்று காலைகூட உன் கடிதத்து உறையின் வாயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன்.

தேர்வை ஒட்டி நான்கு நாள் விடுப்பு கேட்டிருக்கிறேன். கேட்டில் நோட்டு இருந்தால் என் பேரையும் எழுதுகிறேன்.

தளத்திலிருந்து ஊருக்குப் போகிறவன் ஒருவனிடம் இந்த உறையைக் கொடுத்து, டெல்லியில் விரைவுத் தபாலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். 31-க்குள் வந்துவிடும். ஒருவனை நம்பி ஒரு காகிதம் கொடுத்தனுப்புவது எனக்கு இதுதான் முதல் தடவை. இதற்கு நகல் எடுக்கவில்லை.

பாரம் உள்ளே இருக்கிறது. நீ பென்சில் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பழக்க தோஷத்தில் ஸ்கேல் அடுத்த கட்டத்துக்குப் போனது. எடுத்து மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். தாய் கையொப்பம் என்ற கட்டம் காலியாக இருக்கிறது. ராதிகாவிடம் கொடு.

அன்புடன்,
வீரராகவன்